அண்ணன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிட்டார். கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடிக்க எந்த மாதிரி வக்கீலைப் பிடிக்கணும்?

கும்பகோணத்தான் எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் இங்கே படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இப்போ எனக்கே ஒரு பிரச்சினை.

கும்பகோணத்தில் அப்பா சொந்த சம்பாத்தியத்தில் வாங்கின வீடு. முன்னால் கடை, பின்னால் குடியிருப்பு, மேலே ஒரு மாடி. அப்பா 2018-ல் தவறிட்டார், உயில் எதுவும் எழுதலை. நாங்க அண்ணன், அக்கா, நான், தங்கச்சி. தங்கச்சி 2022-ல் உடம்பு சரியில்லாமல் இறந்துட்டா. அம்மா 2023-ல்.

கடையில் அண்ணன் பாத்திர வியாபாரம் பண்றார். அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கிட்டதும் அவர்தான். மாடியை அவர் காசில் கட்டினதா சொல்றார், அது உண்மைதான். போன வாரம் கோயம்புத்தூரில் இருக்கிற எனக்கு ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் வந்தது. வீட்டுக்கு அவரே ஒரு விலை போட்டு, மாடிச் செலவைக் கழிச்சு, மீதியில் பங்கு தரேன், 15 நாளில் ஒத்துக்கலைன்னா பாகப்பிரிவினை கேஸ் போடுவேன்னு எழுதியிருக்கு. கூடப் பிறந்தவர்கிட்டேருந்து 'எமது கட்சிக்காரர்'னு ஆரம்பிக்கிற கடுதாசியைப் படிக்கும்போது கை நடுங்கிப் போச்சு.

என் மாமனார் ஒரு வரப்புத் தகராறுக்கு 14 வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர். அதைக் கிட்டே இருந்து பார்த்திருக்கேன். பேசி முடிச்சுக் கொடுக்கிற வக்கீல் யாராவது இருக்காங்களா? எப்படித் தேடுறது? ஃபீஸ் எவ்வளவு ஆகும்? அப்படி முடிச்சது நாளைக்கு செல்லுமா?

வைகைக்கரை வக்கீல் எழுதியது:

முதலில் நோட்டீஸுக்குப் பதில் போடுங்கள். இதை விட்டுவிட்டு வேறு எதையும் தேடாதீர்கள். பதில் இல்லாமல் கெடு தாண்டினால், கேஸ் போடுவதற்கு அதையே ஒரு காரணமாக எழுதுவார்கள். பதிலில் சண்டை வேண்டாம். 'பங்கு பிரிப்பதில் ஆட்சேபணை இல்லை, மதிப்பிலும் செலவுக் கணக்கிலும்தான் வித்தியாசம், சமரசத்துக்குத் தயார்' என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்.

அடுத்து, நீங்கள் தேடுவது ஒருவரை இல்லை, இரண்டு பேரை. இது புரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்களுக்கு ஆலோசனை சொல்கிற வக்கீல் ஒருவர். நடுவில் உட்கார்ந்து பேச வைக்கிற சமரசர் இன்னொருவர். அந்த இரண்டாவது ஆள் உங்களுடையவர் கிடையாது. நீங்களாகத் தேடிப் பிடித்துக் கூட்டிப்போனால் உங்கள் அண்ணன் கண்ணில் அவர் உங்கள் ஆள்தான், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். அண்ணன் மனசார ஒத்துக்கொள்கிற ஒருவர்தான் உங்களுக்குப் பிரயோஜனம்.

கேஸ் போட்ட பிறகு என்றால் வழி எளிது. சிவில் நடைமுறைச் சட்டம் 89-வது பிரிவின்படி கோர்ட்டே சமரச மையத்துக்கு அனுப்பும். சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005-ல் சமரச மையம் தொடங்கினார்கள், நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் அது முன்னோடி. இப்போது மாவட்டந்தோறும் இருக்கிறது. அங்கே உட்காருகிற வக்கீல்கள் 40 மணி நேரப் பயிற்சி முடித்தவர்கள். கட்சிக்காரர்கள் அவர்களுக்கு ஃபீஸ் தர வேண்டியதில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னும் கேஸ் இல்லை. கும்பகோணம் கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுங்கள், அவர்களே அண்ணனுக்குக் கடிதம் அனுப்பிக் கூப்பிடுவார்கள். செலவில்லை. அங்கே உடன்பாடு வந்து மக்கள் நீதிமன்றத்தில் அவார்டு ஆகிவிட்டால் அது கோர்ட் டிகிரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 21-வது பிரிவு.

தறிநூல் எழுதியது:

ஈரோட்டிலிருந்து. என்னுடையது சொத்து விவகாரம் இல்லை, நூல் பாக்கி. 8 லட்சத்துச் சொச்சம். பத்து வருஷம் வியாபாரம் பண்ணின ஆள் திடீர்னு போனை எடுக்கலை. வக்கீலைப் பார்த்தேன். 3 லட்சத்துக்கு மேல் வியாபாரத் தகராறுன்னா அவசரத் தடையுத்தரவு கேட்காத பட்சத்தில் முதலில் சமரசத்துக்கு மனு போட்டே ஆகணும், நேரா கேஸ் போட்டா பிளெயிண்ட்டையே (வழக்கு மனுவையே) தள்ளிடுவாங்கன்னு சொன்னார். வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ பிரிவு, அதைக் கட்டாயம்னு சுப்ரீம் கோர்ட் 2022-ல் சொல்லியிருக்கு.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தேன். 10 லட்சம் வரைக்கும் சமரசக் கட்டணம் 15,000, ரெண்டு பேரும் பாதிப் பாதி. அவர் வர மாட்டார்னுதான் நினைச்சேன், வந்துட்டார். வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிஞ்சது, அவருக்கும் மேலே ஒருத்தர் பெரிய தொகை நிறுத்தி வெச்சிருக்கார். அதை என்கிட்டே சொல்லக் கூச்சப்பட்டுத்தான் போனை எடுக்காம இருந்திருக்கார். மாசம் 75,000-னு தவணை எழுதி, ரெண்டு தவணை தொடர்ந்து தவறினா முழுத் தொகையும் வட்டியோட ஒரே தடவையில் கட்டணும்னு ஒரு ஷரத்தும் சேர்த்தோம். அந்த ஒரு ஷரத்துக்காகவே நல்ல வக்கீல் கூட இருக்கணும். கடைசித் தவணை வந்த அன்னைக்கு அவரே புது ஆர்டரும் கொடுத்தார்.

செண்பகம்_திருச்சி எழுதியது:

கும்பகோணத்தான் தம்பி, உங்க பதிவில் அக்காவைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. அவங்களுக்கு நோட்டீஸ் வந்ததா?

என் கதையைச் சொல்றேன். எங்க அப்பா போன பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச சாயங்காலம், கூடத்தில் பாய் விரிச்சுப் 'பேசி முடிச்சாங்க'. ஊர்ப் பெரியவர் ஒருத்தர், எங்க பெரியப்பா, அண்ணன்மார் ரெண்டு பேர். எனக்குக் கல்யாணத்தில் 20 பவுன் போட்டாச்சு, அதனால் பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுன்னாங்க. சமையலறை வாசலில் நின்னுக்கிட்டு இருந்தேன், உட்காரச் சொல்லக்கூட யாரும் இல்லை. போட்டுட்டேன். கோர்ட்டுக்குப் போகாம முடிஞ்சதுதான், எனக்கு மட்டும் இன்னும் முடியலை.

கல்யாணத்தில் நகை போட்டதால் பெண்ணோட பங்கு போயிடாது. அப்பா சுயமா சம்பாதிச்சு, உயில் இல்லாம போன சொத்தில் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு. அதனால 'வெளியில் பேசி முடிக்கலாம்'னு யாராவது சொன்னா நான் முதலில் கேக்கிறது, பேசுற இடத்தில் எல்லாருக்கும் நாற்காலி இருக்கான்னுதான். அக்காவைத் தனியா ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமா வக்கீல் கொடுப்பாங்க. 15100-க்குப் போன் பண்ணினாலே வழி சொல்வாங்க.

இன்னொண்ணு. ஸ்டேஷனில் தெரிஞ்சவர் இருக்கார், கட்சியில் ஆள் இருக்கார், அரை நாளில் முடிச்சுத் தரேன்னு வர்றவங்ககிட்டே போயிடாதீங்க. கட்டப் பஞ்சாயத்தில் முடியறது எதுவும் முடிவே இல்லை. சொத்தில் சதவீதம் கேட்கிற ஆள் எந்தப் பேரில் வந்தாலும் வேண்டாம்.

கும்பகோணத்தான் எழுதியது:

செண்பகம் அக்கா, நீங்க கேட்டதும் எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அக்காவுக்கும் நோட்டீஸ் வந்திருக்கு. பயத்தில் யாருகிட்டேயும் சொல்லலை. நேத்து ராத்திரி போன் பண்ணினேன், ஒரு மணி நேரம் பேசினோம். தனி வக்கீல் பார்க்கச் சம்மதிச்சுட்டாங்க.

வக்கீல் சார், எனக்கான வக்கீலை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? இங்கே ரெண்டு பேரைப் பார்த்தேன். ஒருத்தர் நோட்டீஸைப் படிக்கும் முன்னாடியே 'இன்ஜங்ஷன் (தடையுத்தரவு) போட்டுக் கடையை நிறுத்திடலாம்'னார்.

பழைய குமாஸ்தா எழுதியது:

தம்பி, 31 வருஷம் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவா இருந்தவன். ஒண்ணு கேக்கிறேன். தங்கச்சி தவறிட்டாங்கன்னு எழுதினீங்க. அவங்களுக்குக் குழந்தை உண்டா? புருஷன் இருக்காரா?

கும்பகோணத்தான் எழுதியது:

ஒரு பையன் சார், 15 வயசு. மாப்பிள்ளை மயிலாடுதுறையில் இருக்கார். தங்கச்சி போனதுக்கு அப்புறம் போக்குவரத்து குறைஞ்சு போச்சு. நோட்டீஸில் அவங்க பேரே இல்லை.

பழைய குமாஸ்தா எழுதியது:

அப்படின்னா நீங்க மூணு பேரும் உட்கார்ந்து எவ்வளவு அழகாப் பேசி முடிச்சாலும் அது நிக்காது.

கணக்கு இப்படி. அப்பா போனப்போ அம்மாவும் நாலு பிள்ளைகளும் ஆளுக்கு அஞ்சில் ஒரு பங்கு. தங்கச்சி போனதும் அவங்க பங்கு புருஷனுக்கும் பையனுக்கும் சரிபாதி. அம்மா போனதும் அம்மா பங்கு உங்க மூணு பேருக்கும், தங்கச்சி இடத்தில் அந்தப் பையனுக்கும். வீட்டை 20 பங்காப் போட்டா அண்ணனுக்கு 5, அக்காவுக்கு 5, உங்களுக்கு 5, மாப்பிள்ளைக்கு 2, பையனுக்கு 3.

அந்த 3 பங்குதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். மைனர் சொத்தை அப்பாவேகூட கோர்ட் அனுமதி இல்லாம விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. 1956-ம் வருஷத்து இந்து மைனர் கார்டியன் சட்டம், 8-வது பிரிவு. மைனரை விட்டுட்டு எழுதின பத்திரம் எத்தனையோ எங்க ஆபீஸுக்கு வந்திருக்கு. பையன் 18 முடிஞ்சு, மீசை முளைச்சு, கையில் வாரிசுச் சான்றோட வந்து நிப்பான். அதுக்குள்ளே கடையை வாங்கினவன் மூணாவது ஆளா இருப்பான். மாப்பிள்ளையை இன்னைக்கே போய்ப் பாருங்க.

வைகைக்கரை வக்கீல் எழுதியது:

குமாஸ்தா ஐயா பிடித்ததை நான் முதல் பதிவிலேயே கேட்டிருக்க வேண்டும். நன்றி ஐயா.

மைனர் இருப்பதால் வழி கொஞ்சம் மாறுகிறது. சமரசத்தில் பேசி முடிவுக்கு வாருங்கள். பிறகு எல்லோரும் தெரிந்தே ஒரு பாகப்பிரிவினை வழக்கைப் பதிவு செய்து, அந்த உடன்பாட்டைக் கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள். மைனர் சார்பில் ராஜி (சமரசம்) செய்ய சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 32 ரூல் 7-ன்படி நீதிபதி அனுமதி தர வேண்டும். பையனுக்கு இது நன்மையா என்று அவர் தனியாகப் பார்ப்பார். அப்பாவுக்கும் இதில் பங்கு இருப்பதால் இன்னும் கவனமாகவே பார்ப்பார். கேஸ் நம்பர் விழுந்ததும் பயப்படாதீர்கள், இது சண்டைக்கான கேஸ் இல்லை.

வக்கீலைப் பற்றிக் கேட்டீர்கள். உட்கார்ந்ததும் 'கேஸ் நடத்தாமல் முடிக்கத்தான் வந்திருக்கிறேன்' என்று சொல்லுங்கள். அதற்கு அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். 'அண்ணனுக்கு உண்மையில் என்ன வேண்டும்' என்று கேட்பவர் உங்களுக்கான ஆள். இதுவரை எத்தனை வழக்குகளை சமரச மையத்தில் முடித்திருக்கிறார், மைனர் அனுமதி மனு போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். ஃபீஸை வாய்தாவுக்கு இவ்வளவு என்று இல்லாமல், உடன்பாடு எழுதி டிகிரி வாங்குவது வரைக்கும் மொத்தமாகப் பேசுங்கள்.

தனியார் சமரசரை வைப்பதாக இருந்தால், அவருக்கு இரு தரப்பிலும் யாரையாவது தெரியுமா என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். பேச்சு முறிந்தால் எந்தத் தரப்புக்கும் ஆஜராக மாட்டேன் என்பதையும். ஃபீஸை நீங்கள் மட்டும் கொடுக்காதீர்கள், எல்லோரும் சமமாகப் போடுங்கள். உள்ளே பேசியதை வெளியில் சாட்சியாகக் கொண்டுவர முடியாது. அதனால் மனசில் இருப்பதைத் தயங்காமல் பேசலாம்.

வடமராட்சியான் எழுதியது:

இஞ்ச இலங்கையில எங்கட பக்கத்தில இதுக்கெண்டே மத்தியஸ்த சபை இருக்கு, 1988-ம் ஆண்டு 72-ம் இலக்கச் சட்டம். சின்னத் தொகை வழக்கெண்டா முதல் அங்கதான் போகவேணும். இணக்கம் வராட்டி, வரேல்லை எண்டு ஒரு சான்றிதழ் தருவினம், அதோடதான் கோட்டுக்குப் போகலாம். மூண்டு பேர் இருப்பினம். ஓய்வுபெற்ற அதிபர், தபாலதிபர் மாதிரி ஊர் ஆக்கள்.

எனக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் வேலி கதியாலில பிரச்சினை. ஆறு வருசமாக் கதைச்சதில்லை. சபையில் இருந்த வாத்தியார் எங்களிட்டக் கேட்டது ஒண்டுதான்: 'வேலி எங்க வரவேணும் எண்டதை விடுங்கோ, வேலியில என்ன பயம் உங்களுக்கு?' எனக்குப் பயம், கிணத்துப் பக்கம் போற பாதை அடைபடும் எண்டு. அந்தாளுக்குப் பயம், என்ர மாடு அவற்ர கன்றுகளைத் திண்டுபோடும் எண்டு. பாதைக்கு மூண்டடி விட்டு, படலை போட்டு முடிச்சம். தம்பி, மனம் விடாதையுங்கோ.

கும்பகோணத்தான் எழுதியது (ஏழு வாரம் கழித்து):

எல்லாருக்கும் சொல்லணும்னு எழுதறேன்.

நோட்டீஸுக்குப் பதில் போட்டாச்சு, வக்கீல் சார் சொன்ன மாதிரி ஒரே பக்கம். அதுக்கு முன்னாடி மயிலாடுதுறைக்குப் போய் மாப்பிள்ளையைப் பார்த்தேன். பையன் தங்கச்சி சாயலில் வளர்ந்து நிக்கிறான். ரெண்டு வருஷமா நான் அவனைப் பார்க்கலை. அந்த வெட்கத்தை இங்கே எழுதத் தெரியலை.

வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தோம். ரெண்டு உட்காரல் நடந்தது. நடுவில் உட்கார்ந்தவர் ஒரு வக்கீல் அம்மா, ஐம்பது வயசு இருக்கும். முதல் நாள் அண்ணன் என் முகத்தையே பார்க்கலை. நான் வீட்டுக்கு ஒரு கோடி விலைன்னு பேச ஆரம்பிச்சேன், அவர் 60 லட்சம்னார். அரை மணி நேரம் சத்தம்தான். அந்த அம்மா நிறுத்தச் சொல்லலை. ஓய்ஞ்சதும் எல்லாரையும் தனித்தனியாக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தாங்க. ரெண்டு எண் எழுதச் சொன்னாங்க. இந்த வீட்டை நீங்க விற்கிறதா இருந்தா என்ன விலை சொல்வீங்க? இதே வீட்டை நீங்களே வாங்கிக்கணும்னா எவ்வளவு கொடுப்பீங்க?

விற்க 95 லட்சம்னு எழுதிட்டேன். அடுத்த எண்ணுக்குப் பேனாவை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 65-னு எழுதினேன். அந்த அம்மா என் தாளைப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லலை, மடிச்சு என்கிட்டேயே கொடுத்துட்டாங்க. அண்ணனை நியாயம் இல்லாதவர்னு ரெண்டு மாசமா வீட்டில் பேசிக்கிட்டு இருந்தேன். அதே வேலையைத்தான் நானும் பண்ணியிருக்கேன். அண்ணன் பின்னாடி எங்ககிட்டே சொன்னார், அவர் வாங்க 60, விற்க 90-னு எழுதினாராம். அக்கா மட்டும் ரெண்டு இடத்திலும் 78.

அக்காவோட அந்த எண்ணிலிருந்துதான் பேச்சு நகர்ந்தது. 76 லட்சத்தில் நின்னது. மாடிக்கு அண்ணன் 11 லட்சம் சொன்னார், ரசீது, மேஸ்திரி நோட்டு எல்லாம் கொண்டுவந்து வெச்சார், கட்டின பிறகு அவர் வாங்கின மாடி வாடகையைக் கழிச்சு 8 லட்சம்னு ஒத்துக்கிட்டார். மீதி 68. எனக்கும் அக்காவுக்கும் தலா 17 லட்சம், மாப்பிள்ளைக்கு 6 லட்சத்து 80 ஆயிரம், பையனுக்கு 10 லட்சத்து 20 ஆயிரம். வீடு அண்ணனுக்கு. பணத்துக்கு அண்ணன் பாங்க் லோன் போடறார், 8 மாசம் டைம்.

பழைய குமாஸ்தா எழுதியது:

கணக்கு சரியா இருக்கு தம்பி. பையன் பணத்தை முதலில் கட்டச் சொல்லுங்க. கோர்ட் உத்தரவுப்படி அவன் பேரில் தேசிய வங்கியில் டெபாசிட் ஆகணும், 18 முடிஞ்சு அவனே எடுக்கிற மாதிரி.

வைகைக்கரை வக்கீல் எழுதியது:

மனசு நிறைந்தது. ஆனால் எழுத்தில் வரும் வரைக்கும் இது பேச்சுதான். 8 மாதம் என்று எழுதாமல் தேதி போடுங்கள். தவறினால் வட்டி என்ன, அதற்குப் பிறகும் கட்டவில்லை என்றால் வீட்டை விற்றுப் பங்கு பிரிப்பதா என்பதும் இருக்க வேண்டும். தறிநூல் சொன்ன ஷரத்து இங்கேயும் வேண்டும். மூலப் பத்திரம் இப்போது யார் கையில், மாடிக் குடித்தனக்காரரின் அட்வான்ஸை யார் திருப்பிக் கொடுப்பது, வீட்டு வரியும் மின் இணைப்பும் எப்போது பெயர் மாறும், முத்திரைத்தாள் செலவு யாருடையது, எல்லாம் வரி வரியாக. உடன்பாட்டில் ஒருத்தரும் சண்டை போடாத சின்ன விஷயத்தில்தான் பிறகு சண்டை வரும். பணம் கைமாறியதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் முடித்தால் அண்ணனுக்குப் பட்டா மாறுவது சுலபம்.

தறிநூல் மாதிரி பண வழக்குக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், கேஸ் போட்டு 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்டிவிட்ட பிறகு சமரசம் ஆனாலும் பணம் வீண் இல்லை. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 69ஏ பிரிவில் முழுசாகத் திரும்ப வாங்கலாம். மையத்துக்குப் போகாமல் தாங்களே வெளியில் பேசி முடித்தவர்களுக்கும் இது உண்டு என்று 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கேட்டு வாங்காமல் விட்டவர்களை நிறையப் பார்க்கிறேன்.

செண்பகம்_திருச்சி எழுதியது:

தம்பி, அக்கா கையெழுத்துப் போடும் முன்னாடி அவங்க வக்கீல் அந்தத் தாளைப் படிச்சுக் காட்டினாரா?

கும்பகோணத்தான் எழுதியது:

காட்டினார் அக்கா. கடைசியா அக்காவே ஒரு வரி சேர்க்கச் சொன்னாங்க. அம்மாவோட வெண்கல உருளி மூணு கடையில் இருக்கு, விற்பனைச் சரக்கோட சேர்ந்து கிடக்கு. அதில் ஒண்ணு மயிலாடுதுறைக்குப் போகணும்னு. அண்ணன் உடனே எழுந்து போய் மூணையும் எடுத்துவெச்சுட்டார். ராஜி மனு வர்ற 18-ம் தேதி கோர்ட்டில் எடுக்கிறாங்க. பையனையும் கூட்டிக்கிட்டு எல்லாரும் ஒரே காரில் போறோம்.